நாய் கேட்டோம், பூனைகளுக்குக் கதவு செய்தோம்

கட்டாக்காலி நாய்களைக் காப்பாற்றி வீடு தேடிக் கொடுக்கிற சிறு குழு ஒன்றிடம் நாய் கேட்டு எழுதியிருந்தோம். கேற் எவ்வளவு உயரம், பகலில் வீட்டில் யார் நிற்பார்கள் என்றெல்லாம் சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். படிவத்தில் ‘வேறு பிராணிகள்’ என்ற இடத்தில் ‘இரண்டு பூனைகள்’ என்று எழுதியதும் கேள்விகளின் போக்கு மாறியது. வீடு பார்க்க ஆள் வருவார், அதற்கு முன் பூனைகளுக்கு என்ன ஏற்பாடு என்று யோசித்து வையுங்கள் என்று வட்ஸ்அப்பில் செய்தி வந்தது. யோசித்ததில் ஒரு விஷயம் தெளிவானது. திருத்த வேண்டியது நாய் படுக்கப்போகிற மூலையை விட, பூனைகள் நடமாடுகிற வழிகளைத்தான். நாய் பாய்ந்தால் பூனை எந்தப் பக்கம் ஓடும், ஓடி எங்கே ஏறும், ஏறிய இடத்திலிருந்து எப்படி வெளியேறும்? இதற்கு வீட்டிலேயே பதில் இருக்க வேண்டும்.

வீடு கொழும்பில், வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. வாடகை வீட்டின் கீழ்த்தளம். ஒழுங்கை முடிகிற இடத்தில் மரைன் டிரைவ், அதற்கு அப்பால் தண்டவாளம், பிறகு கடல். தப்பி ஓடுகிற நாய்க்கு இதைவிட மோசமான திசை கிடையாது. முன்னால் சின்ன வளவு, மதில், இரும்புக் கேற். உள்ளே ஹோல். ஹோலுக்குப் பின்னால் ஒரு நடை, அதன் இரு பக்கமும் அறைகள், கடைசியில் குசினி. அம்மா, நான், ஓ.எல். பரீட்சை எடுக்கப்போகிற மகன் என்று மூன்று பேர். பூனைகளில் கறுப்பி கிழவி. ஒழுங்கையில் நாய் குரைத்தாலே அலுமாரிக்கு மேல் போய்விடுவாள். சீனி இளந்தாரி, எதற்கும் பயமில்லை. கறுப்பியை விட சீனிதான் எனக்குத் தலையிடி. பயந்த பூனை தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். பயமில்லாத பூனை நாயின் சாப்பாட்டுக் கோப்பைக்குள் தலையை விடும்.

நாயின் பெயர் பிறவுனி. தெஹிவளைப் பக்கம் பிடித்து, கருத்தடை ஒப்பரேஷன் முடித்து, தடுப்பூசி போட்டு, தற்காலிகமாக ஒரு வீட்டில் வைத்திருந்தார்கள். அந்த வீட்டிலும் ஒரு பூனை உண்டு, பிரச்சினை இல்லை என்றார்கள். வீடியோ கேட்டேன். பூனை கதிரையில் தூங்க, நாய் கீழே தூங்குகிற வீடியோ வந்தது. பார்க்க வடிவுதான், ஆனால் அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. படுத்திருக்கிற பூனையைக் கணக்கெடுக்காத நாய்கூட, அது ஓடத் தொடங்கினால் பின்னால் பாயும். அதனால் நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு, பூனை அறையைக் கடந்து நடக்கும்போது ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன்.

அப்படியான வீடியோவில் வாலைப் பார்த்து முடிவு எடுக்கக் கூடாது. வாலை ஆட்டியபடியே துரத்துகிற நாய்கள் எத்தனையோ. கண்ணையும் வாயையும் பார்க்க வேண்டும். உடம்பு விறைத்து, வாய் மூடி, கண் இமைக்காமல் பூனையையே பார்த்துக்கொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் காதைக்கூடத் திருப்பாத நாய் என்றால் அந்த இடத்திலேயே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பிறவுனி எழும்பினாள், காதை நிமிர்த்தினாள், பூனைப் பக்கம் ஒரு எட்டு வைத்தாள். வளர்க்கிறவர் பெயரைச் சொன்னதும் திரும்பி வந்து பிஸ்கட்டை வாங்கித் தின்றாள். பூனை நடந்துகொண்டிருக்கும்போதே தின்னக்கூடிய நாய் என்றால் பழக்கி எடுக்கலாம்.

அடுத்து மணம். பழைய சாரம் ஒன்றை இரண்டாகக் கிழித்து, ஒரு துண்டை அவர்களுக்குக் கொடுத்தனுப்பி, பிறவுனி படுக்கிற இடத்தில் போடச் சொன்னோம். மற்றத் துண்டில் எங்கள் பூனைகள் படுத்தன. பிறகு துண்டுகளை மாற்றிக்கொண்டோம். நாய் மணத்தோடு வந்த துண்டை ஹோலில் வைத்ததும் சீனி முகர்ந்துவிட்டுப் போய்விட்டான். கறுப்பி தூரத்தில் நின்று சீறினாள். அதைச் சாப்பாட்டுக் கோப்பைக்குத் தூரமாக வைத்து, அவள் அமைதியாகச் சாப்பிடச் சாப்பிடக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டக் கொண்டுவந்தோம். கடைசியில் துண்டின் மேலேயே கோப்பையை வைத்தும் சாப்பிட்டாள். செலவில்லாத வேலை இது. நாய் வருவதற்கு முன்னமே தொடங்கலாம்.

இனிப் பெரிய வேலை, கதவு.

ஹோலும் முன் விறாந்தையும் நாய்க்கு. நடையும் அறைகளும் குசினியும் பூனைகளுக்கு. இரண்டையும் பிரிக்க, நடை தொடங்குகிற வாசலில் ஒரு வலைக்கதவு. அங்கே ஏற்கனவே நிலை இருந்தது, கதவு மட்டும் இல்லை. பலகைக் கதவே போடலாமே என்று தச்சு வேலைக்கு வந்த பாஸ் கேட்டார். பலகைக் கதவைப் பூட்டினால் கடற்காற்று ஹோலோடு நின்றுவிடும்; ஏப்ரல் வெக்கையில் பின் அறைகளில் மனிதர் படுக்க ஏலாது. அதோடு நாயும் பூனையும் ஒன்றையொன்று தொடாமல் பார்க்கவும் முகரவும் வேண்டும். சின்னப் பிள்ளைகள் படியில் விழாமல் போடுகிற குட்டைக் கேற்றும் சரிவராது. நாட்டு நாய் அதை நின்ற இடத்திலிருந்தே தாண்டும். நுளம்பு வலையை ஒரே தள்ளில் கிழித்துவிடும். ஆக, நிலையின் முழு உயரத்துக்கும் கம்பி வலை.

சாமான்களைப் பழைய சோனகத் தெருவில் வாங்கினோம். புறக்கோட்டைப் பக்கம் போகப் பஞ்சி என்றால் காலி வீதியிலேயே ஹார்ட்வெயார் கடைகள் உண்டு, ஆனால் வலையில் இத்தனை வகை பார்க்க முடியாது. அரை அங்குலச் சதுரம் உள்ள, பிளாஸ்ரிக் பூச்சுப் போட்ட வெல்ட் வலையை எடுத்தோம். ஒரு அங்குலச் சதுரம் மலிவு. ஆனால் அதற்குள்ளால் சீனியின் கை முழங்கை வரை போகும். நாயின் மூக்கு இந்தப் பக்கம், பூனையின் நகம் அந்தப் பக்கம் என்றால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பூச்சு எதற்கென்றால், எங்கள் ஒழுங்கையில் உப்புக்காற்று எந்த இரும்பையும் விட்டுவைக்காது. யன்னல் கொளுக்கிகள் துருப்பிடித்துச் சுவரில் மண்ணிறக் கோடு இறங்கியிருக்கும். அதே காரணத்துக்காகப் பிணைச்சல்களும் திருகாணிகளும் பித்தளையில் வாங்கினோம். சட்டத்துக்குப் பதப்படுத்திய றப்பர் மரம், இரண்டு அங்குல அகலம்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை மூன்று என்று பாஸிடம் முதலே சொல்லி வைத்தேன். ஒன்று, வலையைச் சட்டத்தின் நாய்ப் பக்கத்தில் அடிக்க வேண்டும். நாய் முட்டினால் வலை சட்டத்தோடு அழுந்தும். மறுபக்கத்தில் அடித்தால் ஒவ்வொரு முட்டுக்கும் ஆணி கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும். இரண்டாவது, கதவு நாய்ப் பக்கமாகத் திறக்க வேண்டும். தாழ்ப்பாள் போட மறந்தாலும், நாய் தள்ளத் தள்ள அது நிலையோடு இறுகும். மூன்றாவது, கீழ் இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. பழைய வீடென்பதால் தரை ஒரு பக்கம் சரிவு. சட்டத்தின் அடியைத் தரைக்கு ஏற்றபடி சீவ வேண்டியிருந்தது. பாஸ் அதை அளக்கவேயில்லை. ஒரு சின்னக் கட்டையைத் தரையில் வைத்து, அதன்மேல் பென்சிலைப் படுக்கவைத்து, இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு இழுத்தார். தரையின் மேடுபள்ளம் அப்படியே மரத்தில் கோடாக விழுந்தது. அந்தக் கோட்டோடு சீவினார், கதவு வந்து உட்கார்ந்தது.

கதவில் பூனைக்கென்று ஒரு வழியும் வேண்டும். இல்லாவிட்டால், ஹோலில் நிற்கிற பூனை துரத்தப்பட்டு ஓடிவந்து மூடிய கதவில் மோதும். அளவு தெரிய, ஒரு காட்போட் பெட்டியில் ஓட்டை வெட்டி, அந்தப் பக்கம் ரின் மீன் வைத்தோம். சீனி சின்ன ஓட்டைக்குள்ளாலும் நுழைந்தான். கறுப்பிக்கு வயிறு கொஞ்சம் பெரிது. ஐந்து அங்குல அகலம் வெட்டிய பிறகுதான் போனாள். பதினைந்து கிலோ நாயின் நெஞ்சு அதற்குள் நுழையாது, ஆனால் தலை நுழைந்து கழுத்து மாட்டிக்கொள்ளலாம். அதனால் ஓட்டையைத் தரைமட்டத்தில் வைக்காமல் நாலரை அடி உயரத்தில் வைத்து, இரு பக்கமும் ஒரு பலகைத் தட்டுப் போட்டோம். வெட்டிய வலையின் கூர் முனைகள் தெரியாமல் சுற்றிவர மரச்சட்டம் அடித்தாயிற்று.

கதவைப் பார்த்து அதிகம் சந்தோஷப்பட்டது அம்மாதான். சாமி அறை நடையில் இருக்கிறது. “நாய் வைரவற்ற வாகனம்தானே, வரட்டும். ஆனா சாமியறைப் பக்கம் வரக்கூடாது” என்பது அவவுடைய ஒரே நிபந்தனை. அதற்கும் இந்தக் கதவே போதும். மண் தொட்டியும் பூனைகளின் சாப்பாடும் கதவுக்கு உட்பக்கம் போயின. பூனைப் பீயைத் தின்னாத நாயைக் காண்பது அரிது. பூனைச் சாப்பாடு கொழுப்பும் புரதமும் கூடியது, நாய்க்கு வயிற்றால் போகும். மறுபக்கம், பூனை நாய்ச் சாப்பாட்டிலேயே வாழவும் முடியாது. டோரின் என்கிற சத்து குறைந்தால் அதன் இதயமும் கண்ணும் கெடும்.

ஹோலில் பூனைகளுக்கு மேல்வழி வேண்டும். கதவு ஓட்டையின் தட்டிலிருந்து தொடங்கி, ரீ.வி.க்கு மேலால் போய், முன் யன்னலில் முடிகிற மாதிரி ஐந்தடிக்குக் கிட்ட உயரத்தில் வரிசையாகத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் பழைய தும்புப் பாயை வெட்டி ஒட்டினோம். வார்னிஷ் பூசிய பலகையில் பூனை வழுக்கும். கறுப்பிக்கு மூட்டு முந்தி மாதிரி இல்லை, ஆகவே ஏறுவதற்கு இடையில் தாழ்வான படிகள் இரண்டு. முக்கியமானது, எந்தத் தட்டும் முட்டுச்சந்தாக முடியக்கூடாது. ஒரு பூனை மேலே இருக்கும்போது மற்றப் பூனை எதிரே வந்தால்கூடச் சண்டை வரும், கீழே நாய் நிற்கும்போது வந்தால் கேட்கவே வேண்டாம். சோபாவின் அடியைப் பலகை வைத்து அடைத்துவிட்டோம். பூனைக்கு அது ஒளிக்க நல்ல இடம்போலத் தெரியும். நாய் வந்துவிட்டால் பூனைக்கு அதுவே மூன்று பக்கமும் மூடிய பொறி.

கேற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வாய்க்கால் சரிவால் கேற்றின் அடியில் ஒரு பக்கம் பெரிய இடைவெளி. வெல்டிங் காரர் வந்து ஒரு தட்டையான கம்பியை ஒட்டிவிட்டுப் போனார். கேற்றின் உண்மையான ஓட்டை மனிதர்தான். மாலையில் பீத்தோவன் மெட்டை அலறவிட்டுக்கொண்டு பாண் விற்கிற ‘சூன் பாண்’ ஓட்டோ வரும், அம்மா காசோடு ஓடுவா, கேற் திறந்தபடி கிடக்கும். வந்த புதிதில்தான் நாய்கள் அதிகம் தப்பி ஓடும். அதனால் கேற் திறக்கிற நேரம் ஹோல் கதவு பூட்டியிருக்க வேண்டும், ஹோல் கதவு திறக்கிற நேரம் கேற் பூட்டியிருக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்தோம். மகன் அதைச் சிவப்பு மையால் எழுதி இரண்டு கதவிலும் ஒட்டினான்.

மருந்து விஷயத்தை வீடு பார்க்க வருகிறவர் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை, ஆனாலும் மிருக வைத்தியரிடம் முதலே கதைத்து வைத்தேன். உண்ணிக்கு நாயின் முதுகில் ஊற்றுகிற மருந்துகளில் பேர்மெத்ரின் என்கிற பூச்சிக்கொல்லி கலந்தவை உண்டு. நாய் அதைத் தாங்கும், பூனையின் ஈரல் அதை உடைக்காது. நடுக்கம், வலிப்பு, சில வேளை சாவு. பூனைக்குப் பூசத்தான் வேண்டும் என்றில்லை, மருந்து பூசிய நாயோடு ஒட்டிப் படுத்தாலே போதும். கொழும்பில் உண்ணி இல்லாத மாதம் கிடையாது, உண்ணிக் காய்ச்சலில் சாகிற நாய்களும் நிறைய. ஆகவே மருந்தில்லாமலும் இருக்க ஏலாது. பிறவுனிக்கு வாயால் கொடுக்கிற மாத்திரை என்று முடிவு செய்தோம். பூனைகளின் தடுப்பூசி அட்டைகளையும் அதே நாளில் சரிபார்த்து, விசர்நாய்க்கடித் தடுப்பூசியை இரண்டுக்கும் புதுப்பித்தோம். பூனைக்கும் விசர் வரும். நாய்களின் பார்வோ வைரசில் இப்போது பரவுகிற வகைகளும் பூனைக்குத் தொற்றக்கூடியவை என்பதால் பூனைகளின் வழக்கமான ஊசியையும் விடக்கூடாது.

கடதாசி வேலை சின்னது. வீட்டுச் சொந்தக்காரரிடம் நாய் வளர்க்கச் சம்மதம் என்று ஒரு கடிதம். மேல்மாடிக் குடும்பத்திடம் வாயால் ஒரு வார்த்தை. மாநகர எல்லைக்குள் நாய் வளர்த்தால் பதிவு செய்ய வேண்டும் என்கிற சட்டம் 1901ஆம் ஆண்டிலிருந்தே உண்டு. அதற்கு விசர்நாய்க்கடித் தடுப்பூசி அட்டை வேண்டும், அது பிறவுனியோடு வரும்.

வீடு பார்க்க வந்தவர் இளம்பெண். பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை, ஆனால் கண் கூர்மை. உள்ளே வந்ததும் தரையில் முழங்காலில் இருந்து, நாயின் உயரத்திலிருந்து ஹோலைச் சுற்றிப் பார்த்தார். பிறகு எழும்பிப் பூனைத் தட்டுகளைக் கையால் அழுத்திப் பார்த்தார். வலைக்கதவைத் தோளால் ஒரு இடி இடித்தார். கதவு அசையவில்லை. எனக்குள் பாஸுக்கு ஒரு கும்பிடு.

“கறுப்பி சாப்பிடாமல் அலுமாரிக்கு மேலேயே இருந்திட்டா என்ன செய்வீங்கள் அக்கா?” என்று கேட்டார். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் வைத்தியருக்கு அறிவிப்போம், நாயை அன்றைக்கு விறாந்தையோடு நிறுத்துவோம் என்றேன். தலையாட்டினார். பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்து என்று அவர் சொல்ல, மகன் அதையும் எழுதி வைத்தான். சித்திரை வருசத்துக்கும் தீபாவளிக்கும் வெடி கொளுத்தும்போது நாய் எங்கே நிற்கும் என்பது அடுத்த கேள்வி. ஹோலில், யன்னலைச் சாத்தி, காற்றாடியை ஓடவிட்டு. பூனைகள் அம்மாவின் அறையில். எத்தனை கிழமையில் இரண்டு பக்கத்தையும் ஒன்றாக விடப்போகிறீர்கள் என்று கேட்டபோது நான் வாய் திறக்க முதல் அம்மா சொன்னா: “அதை நாங்கள் எப்படிப் பிள்ளை சொல்லுறது? கறுப்பி கீழ இறங்கி வரட்டும் பாப்பம்.” எழுதிக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார்.

குறையும் சொன்னார். தாழ்ப்பாள் நடைப் பக்கத்தில் மட்டும் இருந்தது. ஹோலில் நாயோடு நிற்கிறவர் தானே பூட்ட முடியாது, ஆகவே அந்தப் பக்கமும் ஒன்று வேண்டும். நாய்க்குக் கழுத்துப்பட்டி மட்டும் போதாது, நெஞ்சுப்பட்டியும் வேண்டும், முதல் மாதம் இரண்டிலும் கயிறு. வீட்டுக்குள்ளும் ஒரு மெல்லிய கயிறு தரையில் இழுபட விடுங்கள், பாய்ந்தால் நாயைப் பிடிக்க வேண்டாம், கயிற்றை மிதித்தால் போதும் என்றார். இதை நான் எங்கும் வாசித்திருக்கவில்லை, நல்ல உத்தி. பிறகு வளவுக்குப் போனவர் மதிலோரம் நின்றுவிட்டார். அங்கே அம்மாவின் மஞ்சள் அலரி. இலை, பால், கொட்டை எல்லாமே இதயத்தை நிறுத்துகிற நஞ்சு. கண்டதைக் கடிக்கிற நாய் உள்ள வளவில் அது நிற்கக்கூடாது என்றார்.

அம்மாவின் முகம் சுருங்கியது. பூசைக்கு மஞ்சள் பூ அந்த மரத்திலிருந்துதான். வெட்டச் சொல்கிறாரா என்று அவ என்னைப் பார்க்க, நான் அவரைப் பார்க்க, கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். மரத்தைச் சுற்றி நாய் நுழையாத வேலி போட்டு, வெளியே நீட்டுகிற கிளைகளைக் கழித்து, விழுகிற கொட்டைகளையும் இலைகளையும் தினமும் கூட்டி அள்ளினால், அந்தப் படத்தை அனுப்பிய பிறகு சம்மதம்.

கதவுக்கு வாங்கிய வலையில் மிச்சம் கிடந்தது. அதை வட்டமாக வளைத்து, நாலு இரும்புக் குழாயில் கட்டி, அலரியைச் சுற்றி ஊன்றிவிட்டோம். கிளை கழிக்கிற வேலையை அம்மா வேறு யாரிடமும் விடவில்லை. கதிரையில் ஏறி நின்று, பூக்கிற கிளைகளை உட்பக்கமாக வளைத்துக் கட்டிவிட்டு, மற்றவற்றை மட்டும் வெட்டினா. இரண்டாவது தாழ்ப்பாள் போட்டாயிற்று. நெஞ்சுப்பட்டிக்குப் பிறவுனியின் நெஞ்சளவு கேட்டு எழுதியிருக்கிறேன். படங்கள் போய்விட்டன, சம்மதமும் வந்துவிட்டது. வருகிற சனிக்கிழமை காலையில், சூன் பாண் ஓட்டோ வராத நேரமாகப் பார்த்துக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறோம்.